நம்ம ஊர் ஈரக்காற்றில் ஓக் தரை: பலகையைக் கீழிருந்து மேலாகப் பார்த்து வாங்குங்கள்

ஓக் பலகை வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது நிறம். வெளிர் நிறமா, தேன் நிறமா, புகை நிறமா என்று மாதிரிப் பலகைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு வீடே கூடிப் பேசும். கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு வைத்திருப்பவர் நிறத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் வீட்டுக் காற்று, அடுத்து தளத்துக்கு அடியில் இருக்கும் ஓதம், அப்புறம் பலகையின் வயிறு, அதற்கு மேல் ஒட்டியிருக்கும் ஓக். இவ்வளவும் சரியாக இருந்தால் எந்த நிறம் போட்டாலும் தரை நன்றாக இருக்கும். இதில் ஒன்று தவறினாலும் எந்த நிறமும் காப்பாற்றாது.

நான் தக்கலைப் பக்கம். அப்பா ஆசாரி. அயினியிலும் தேக்கிலும் கதவும் நிலையும் செய்தவர். நான் வீட்டு உள்வேலை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். இப்போதெல்லாம் அதில் பெரும்பகுதி தரைப்பலகைதான்.

இங்கே நான் சொல்வது எஞ்சினியர்டு ஓக் பலகையைப் பற்றி. அது முழு ஓக் பலகை இல்லை, ஓக் படம் அச்சடித்த லாமினேட்டும் இல்லை. மேலே பெரும்பாலும் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை நிஜ ஓக். அதற்குக் கீழே ப்ளைவுட்டோ, பைன் மாதிரி மென்மரப் பட்டிகளோ, மரநாரை அழுத்திச் செய்த எச்.டி.எஃப் அட்டையோ வயிறாக இருக்கும். அதை கோர் என்பார்கள். மொத்தக் கனம் 10 மி.மீ.யில் தொடங்கி 20, 21 வரை போகும். ப்ளைவுட் கோரில் மரநார் ஒரு அடுக்கில் நீளவாக்கிலும் அடுத்த அடுக்கில் குறுக்கிலும் ஓடும். ஒன்று விரியப் பார்த்தால் மற்றது பிடித்து நிறுத்தும். நம்ம ஊரில் இந்தப் பலகைக்கு இருக்கிற ஒரே பெரிய நியாயம் அதுதான்.

முதலில் காற்று

மரத்தை வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், விடும். தரைப்பலகைக்கான ஓக்கைச் சூளையில் உலர்த்திப் பெரும்பாலும் 7 முதல் 9 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போடுகிற நாடுகளுக்குப் பொருந்தும் அளவு அது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள அறையில் மரம் ஏறத்தாழ 9 சதவீதத்தில் நிற்கும். காற்று 70 சதவீதத்துக்குப் போனால் மரம் பன்னிரண்டரைப் பக்கம் வரும். 80 ஆனால் 15 சதவீதத்தைத் தாண்டும். ஆனி ஆடியில் குளச்சலிலோ முட்டத்திலோ ஜன்னல் திறந்து கிடக்கும் வீட்டில் 80 என்பது புதுமையே இல்லை.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். ஓக்கில் ஈரம் ஒரு சதவீதம் ஏறினால், அறுத்த விதத்தைப் பொறுத்து, அகலவாக்கில் அதன் அளவில் 0.18 முதல் 0.37 சதவீதம் வரை விரியும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 8 சதவீதத்தில் வந்த முழு ஓக் பலகை நம்ம ஊர்க் காற்றில் 14 சதவீதத்துக்கு ஏறினால், 190 மி.மீ. அகலப் பலகை 2 முதல் 4 மி.மீ. வரை பெருக்கும். 12 அடி அகல அறையில் வரிசையாகப் பதித்திருந்தால் கூட்டுத்தொகை 4 முதல் 8 சென்டிமீட்டர். சுவர் விலகி இடம் கொடுக்காது. பலகைதான் நடுவில் எழும்பி நிற்கும்.

எஞ்சினியர்டு பலகையில் கோர் இதை மிகச் சிறிய அளவுக்கு அடக்கிவிடுகிறது. ஆனால் மேலே இருக்கும் ஓக்குக்கு விரிய வேண்டும் என்ற வேகம் போய்விடவில்லை. அந்த வேகம் முழுக்க ஓக்கையும் கோரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பசைமேல் போய் விழுகிறது. அதனால்தான் பசையையும் கோரையும் பார்க்காமல் மேல் அழகை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மாவட்டம் சின்னதுதான், ஆனால் காற்று எல்லா இடத்திலும் ஒன்று இல்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்கு உண்டு. ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அருமனை, குலசேகரம் பக்கத்து வீடுகளில் மழை மாதங்களில் துணியே காயாது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் தோவாளைப் பக்கம் அந்த அளவு ஈரம் இல்லை. அங்கே வீசுகிற காற்றுக்குத்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. நாகர்கோவில் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே பக்கத்து ஊரில் மாமா வீட்டில் நன்றாக இருக்கிறது என்பது உங்கள் வீட்டுக்குச் சாட்சி ஆகாது. சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி, பலகை போட நினைக்கும் அறையிலேயே வையுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்கக் காலையும் இரவும் எழுதி வைத்தால் போதும். இந்தக் கருவியின் விலை ஒரு பெட்டிப் பலகையின் விலையில் பக்கத்தில்கூட வராது.

பூட்டிக் கிடக்கும் வீடு தனிக் கதை. கருங்கல், மார்த்தாண்டம், திங்கள்சந்தை சுற்றுவட்டாரத்தில் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் கட்டிய பெரிய வீடுகள் வருஷத்தில் பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கின்றன. காற்று ஓடாத வீட்டில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஜன்னலைத் திறந்துவிடச் சொந்தக்காரர் யாராவது பக்கத்தில் இருந்து, வெயில் அடிக்கும் நாட்களில் வந்து திறந்து மூடுவார் என்றால் மாடி அறைகளில் போடலாம். ஆள் இல்லை என்றால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வேண்டாம். டைல்ஸ் போட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து குடியேறும்போது அதன்மேலேயே ஓக் போட்டுக்கொள்ளுங்கள். டைல்ஸ் கெட்டியாக ஒட்டியிருந்தால் உடைக்காமலே போட முடியும்.

ஏ.சி. அறை ஓக்குக்கு நல்லது என்பது பாதி உண்மை. தினமும் ஓடும் ஏ.சி. அறையை உலர்வாக வைக்கும், பலகைக்கு அது பிடிக்கும். ஆனால் ராத்திரி முழுக்க 22இல் வைத்துவிட்டுக் காலையில் ஜன்னலை விரியத் திறந்தால் ஈரம் குதித்து ஏறும். பலகையின் மேல்பக்கம் தினமும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டும். அப்படிப்பட்ட அறைக்கு மேல் ஓக் மெல்லியதாகவும், பலகை அகலம் குறைவாகவும் இருப்பதே நல்லது.

இன்னொன்று. உத்தரவாதத் தாளைக் கையில் வாங்கி ஈரப்பத வரியைத் தேடுங்கள். பெரும்பாலான தாள்களில் அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 அல்லது 65 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். நம்ம வீடுகள் மழை மாதங்களில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். 25 வருஷ உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் இருப்பதை நம்புவதற்கு முன், இந்த வரியைக் காட்டி, உங்கள் ஊர் ஈரத்துக்கு அது செல்லுமா என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

தளத்துக்கு அடியில்

கீழ்த்தளம் என்றால் ஓதம்தான் முதல் கேள்வி. பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் தடுக்கும் அடுக்கு இருக்காது. சுவரின் அடிப்பகுதியில் பெயிண்ட் பொருக்கு விட்டிருக்கிறதா, உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைச் சரி செய்யாமல் மரம் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். வயல் நிரப்பிக் கட்டிய வீடுகளிலும் இதே எச்சரிக்கை.

சோதனை எளிது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலித்தீன் தாள் ஒன்றைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நான் இரண்டு நாள் விடுவேன். பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ, அந்தச் சதுரம் மட்டும் கருத்திருந்தாலோ தளம் இன்னும் ஈரத்தை விடுகிறது. அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரத்தில் ஒன்று, குளியலறைச் சுவர் ஓரத்தில் ஒன்று என்று ஒட்டிப் பாருங்கள். வறண்ட மாசியில் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். மழை பிடித்த பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

புதிதாகப் போட்ட சிமெண்டுத் தளம் நல்ல காற்றோட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் வீதம் காயும் என்பது பொதுவான கணக்கு. 50 மி.மீ.க்கு மேல் கனம் போனால் அதைவிட மெதுவாகக் காயும். மழை மாதங்களில் இந்தக் கணக்கே செல்லாது. பால் காய்ச்சுக்கு நாள் குறித்துவிட்டோம் என்று ஈரத் தளத்தில் பலகை போடச் சொல்கிறவர்கள் உண்டு. நாள் குறித்திருந்தால் வெறும் தளத்தில் பாய் விரித்துப் பால் காய்ச்சுங்கள். பலகையை அப்புறம் போடலாம்.

சிதல், அதாவது கரையான், நமக்குப் பழைய பகை. தென்னையும் ரப்பரும் சூழ்ந்த மனையில் சிதல் இல்லாத மண் கிடையாது. ஓக் என்றால் சிதல் தொடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கட்டும்போதே ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர முறைப்படி மண்ணுக்கு மருந்து அடித்தார்களா என்று கேளுங்கள். பழைய வீடு என்றால் சுவர் ஓரங்களில் துளையிட்டு மருந்து ஏற்றிவிட்டுத்தான் பலகை. அந்த வேலையை முடித்த பிறகு பாலித்தீன் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

தளம் மட்டமாக இருக்க வேண்டும். 2 மீட்டர் அலுமினிய மட்டக்கோலை எந்தப் பக்கம் வைத்தாலும் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. பள்ளம் இருந்தால் நடக்கும்போது பலகை அமுங்கும், நாளடைவில் பலகையோடு பலகை கோக்கும் பூட்டு தளர்ந்து சத்தம் போடும்.

பலகையின் வயிறு

இனிமேல் கடைக்குப் போகலாம். மாதிரிப் பலகையை வாங்கியதும் முகத்தைப் பார்க்காமல் வெட்டு முனையைத் திருப்பிப் பாருங்கள்.

கோர் மூன்று விதம். பல அடுக்கு ப்ளைவுட், மென்மரப் பட்டிகளை வைத்த மூன்றடுக்கு, எச்.டி.எஃப் அட்டை. நம்ம ஊருக்கு நான் பல அடுக்கு ப்ளையைத்தான் சொல்வேன், அதிலும் பிர்ச் அல்லது யூகலிப்டஸ் ப்ளை. அடுக்குகள் மெல்லியதாகவும் எண்ணிக்கை கூடுதலாகவும் இருப்பது நல்லது. நடுவில் ஓட்டை, இடைவெளி இருக்கக் கூடாது. அடுக்குக்கு நடுவே பசைக்கோடு கருத்த பழுப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் பீனாலிக் பசை, ஈரத்துக்குத் தாக்குப்பிடிக்கும். எச்.டி.எஃப் கோர் விலை குறைவு, மட்டமாக இருக்கும், பூட்டும் கச்சிதமாக விழும். ஆனால் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் ஓரம் ஊதும், ஊதியது திரும்பாது. ரப்பர் மரக் கோரும் வரும். பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் வண்டு எப்படி விழும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தியது என்று எழுதித் தந்தால் மட்டும் எடுங்கள்.

பசையைச் சோதிக்க நான் செய்வது இது. கடையில் கேட்டால் மாதிரித் துண்டு தருவார்கள். அதில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்து, பழைய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அமிழும்படி மேலே கல் வைத்துக் கொதிக்க விடுவேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு வரும், லேசான புளிப்பு வாசமும் அடிக்கும். ஓக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்குவதால் வருவது அந்த நிறம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து வெயிலில் காயவைத்து, மறுபடி கொதிக்கவிட்டுக் காயவைத்து, அப்புறம் பேனாக்கத்தியின் முனையை ஓக்கும் கோரும் சேரும் கோட்டில் வைத்து நெம்பிப் பார்ப்பேன். நல்ல பலகையில் கத்தி உள்ளே இறங்காது. அழுத்தினால் மரநார்தான் பிய்ந்து வரும், பசைக்கோடு திறக்காது. மோசமான பலகையில் ஓக் ஒரே தகடாகக் கழன்று கையில் வரும். மேல் ஓக்கில் முடிபோல நுண்ணிய வெடிப்பு விழுந்தால் பயப்பட வேண்டாம், கொதித்த மரத்தில் அது வரும். வீட்டுத் தரை எந்தக் காலத்திலும் கொதிக்கப் போவதில்லை என்பது சரிதான். ஆனால் பத்து மழைக்காலம் செய்யப்போகும் வேலையை இரண்டு நாளில் பார்க்க இதைவிட எளிய வழி என்னிடம் இல்லை. மரைன் ப்ளைக்கான ஐ.எஸ். 710 தரத்திலேயே 72 மணி நேரம் கொதிக்கவைக்கும் சோதனை இருக்கிறது. இரண்டு மூன்று கடைத் துண்டுகளை ஒரே பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பசையில் ஃபார்மால்டிஹைடு எவ்வளவு வெளிவருகிறது என்பதற்கு ஈ1 என்று ஒரு தரக் குறி உண்டு. அது அல்லது அதைவிடக் குறைந்தது என்று பெட்டியில் இருக்க வேண்டும். குழந்தைகள் தரையிலேயே கிடந்து விளையாடும் வீடு என்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேலே இருப்பது ஓக்தானா?

ஆஷ் மரம் ஓக் மாதிரியே ரேகை ஓடும். நிறம் ஏற்றிவிட்டால் பழகாத கண்ணுக்குத் தெரியாது. லாமினேட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். நாலைந்து பலகையைப் பரப்பினால் ஒரே முடிச்சு திரும்ப வரும், வெட்டு முனையிலும் ரேகை உள்ளே இறங்காது. ஆஷுக்கு வேறு வழி: மாதிரித் துண்டின் மேல் பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, நனைத்த பழைய இரும்பு ஆணியை அந்த இடத்தில் ராத்திரி முழுக்க வையுங்கள். ஓக் என்றால் காலையில் ஆணி இருந்த இடம் நீலம் கலந்த கறுப்பாக இருக்கும். டானினும் இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் வரும் நிறம் அது. ஆஷில் டானின் குறைவு, அப்படிக் கறுக்காது. குறுக்கே வெள்ளிக்கோடுகள் மாதிரிப் பளபளக்கும் கதிர்களும் ஓக்கின் அடையாளம். அது குறை இல்லை, மரத்தின் வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி கால்வாட்டில் (குவார்ட்டர் சான்) அறுத்த பலகையில் அது கூடுதலாகத் தெரியும், அப்படி அறுத்தது அகலவாக்கில் குறைவாகத்தான் அசையும்.

இந்த ஆணிச் சோதனை இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கிறது. இரும்பு பீரோவின் காலோ, துருப்பிடித்த கட்டில் காலோ ஈரத்தோடு ஓக்மேல் உட்கார்ந்தால் அதே கறை விழும். காலுக்கு ரப்பர் அல்லது ஃபெல்ட் வைத்துவிடுங்கள்.

மேல் ஓக்கின் கனம் எவ்வளவு வேண்டும்? 6 மி.மீ. இருந்தால் பல தடவை இழைக்கலாம் என்று விற்பார்கள். உண்மைதான், ஆனால் கனம் கூடக்கூட அது விரியும் வேகமும் கூடும், கோரும் பசையும் அவ்வளவு பாடுபட வேண்டும். கடலோர வீட்டுக்கும் மாவட்டத்தின் ஈரமான மேற்குப் பக்கத்து வீட்டுக்கும் 3 முதல் 4 மி.மீ. மேல் ஓக், மொத்தம் 14 அல்லது 15 மி.மீ. போதும். ஒன்றிரண்டு முறை இழைத்துப் புதுசாக்கலாம், ஒரு தலைமுறைக்குத் தாராளம். 2 மி.மீ.க்குக் கீழே இருந்தால் இழைப்பை மறந்துவிடுங்கள், அரை மில்லிமீட்டர் வெனீர் என்றால் கீறல் விழுந்ததோடு சரி. அகலத்தில் ஆசை குறையுங்கள். 220 மி.மீ. பலகை படத்தில் அழகு. கடலோரத்துக்கும், பூட்டிக் கிடந்து ஆள் வந்து திறந்து மூடும் வீட்டுக்கும் 150க்குள் நிற்பது பத்திரம், நாகர்கோவில் மாடி அறைக்கு 190 வரை போகலாம். முடிச்சுகள் நிறைந்த ரஸ்டிக் தரமா, முடிச்சில்லாத பிரைம் தரமா என்பது பணமும் ரசனையும் சார்ந்தது, உழைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. சாறுமரம், அதாவது பட்டையை ஒட்டிய வெளிர் நிறமான மரம், பலகையில் நிறைய தெரிந்தால் மட்டும் தவிருங்கள். மாவு உதிர்க்கும் வண்டு முதலில் அங்கேதான் விழும்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தோட்டத்தில் வெட்டிக் காய்ந்த தேக்கோ அயினியோ கையிருப்பு இருந்தால், ஓக் எதற்கு என்று நானே கேட்பேன். வெள்ளை ஓக் தேக்கைவிடச் சற்றுக் கடினம், ஆனால் ஈரத்தில் நிலைத்து நிற்பதில் தேக்குதான் மேல். வெளிர் நிறத் தரையும் அந்த ரேகையும் பிடித்திருந்தால் ஓக் வாங்குங்கள், அது நல்ல காரணம்தான். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்து மின்னும் தரை மாதிரி மரத்தில் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. அந்தத் தரை மரமே இல்லை. சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் மற்றதும் சேர்த்துத் தேய்த்து எடுத்தது என்று சொல்வார்கள். கறுப்புச் சாயம் ஏற்றிய ஓக் அதன் பக்கத்தில் நிற்காது, தூசியும் கால்தடமும்தான் கூடுதலாகத் தெரியும்.

பூச்சும் மணலும்

பூச்சு இரண்டு வகை. லாக்கர் மேலே படலமாக நிற்கும், துடைக்க எளிது, ஆனால் ஆழக் கீறினால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது, முழுத் தரையும் இழைக்க வேண்டும். ஹார்டுவாக்ஸ் ஆயில் மரத்துக்குள் இறங்கும், கீறிய இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து எண்ணெய் பூசிச் சரி செய்யலாம், ஆனால் அவ்வப்போது பராமரிப்பு கேட்கும்.

கடலோரத்தில் நான் ஆயில் பூச்சின் பக்கம்தான். காரணம் மணல். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கான், ரூட்டைல் இவற்றோடு கார்னெட்டும் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க அங்கே மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.லின் ஆலையே இருக்கிறது. கார்னெட் என்பது மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளில் ஒட்டுகிற பொருள். கடற்கரை போய் வந்த செருப்போடும் காலோடும் அந்த மணல் வீட்டுக்குள் வந்தால் பளபள லாக்கர் சீக்கிரம் மங்கிவிடும். வாசலில் சொரசொரப்பான மிதியடி ஒன்று, உள்ளே துணி மிதியடி ஒன்று, கால் கழுவ ஒரு குழாய் வையுங்கள். பளபளப்பைவிட மங்கல் பூச்சும், கம்பி பிரஷால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய மேற்பரப்பும் கீறலை மறைக்கும்.

பதிப்பு

குளியலறை, சமையலறை, சிட்அவுட், பூஜை அறை ஆகியவற்றில் வேண்டாம். விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் சிந்தும் இடத்துக்குக் கல்தான் சரி.

தளத்தில் ஒட்டாமல் பலகைகளை ஒன்றோடொன்று மட்டும் பூட்டி விடும் மிதக்கும் முறையில் போடலாம், தளத்தோடு ஒட்டியும் போடலாம். மிதக்கும் முறைக்குக் கீழே பாலித்தீன் தடுப்போடு அண்டர்லே என்ற மெல்லிய அடிவிரிப்பை விரித்து, மூட்டுகளை டேப் போட்டு, சுவர் ஓரத்தில் தடுப்பைக் கொஞ்சம் மேலேற்றி விடவேண்டும். பழைய டைல்ஸ் மேல் போட இதுவே வசதி. காய்ந்த தளம் என்று உறுதியானால் ஒட்டிப் பதிப்பது கால் வைக்கும்போது கெட்டியாக இருக்கும். அதற்கு எம்.எஸ். பாலிமர் அல்லது பாலியூரித்தேன் பசை மட்டும். தண்ணீர் சேர்ந்த வெள்ளைப் பசை மரத்துக்கே தண்ணீர் கொடுத்துவிடும்.

சுவரைச் சுற்றி, தூணைச் சுற்றி, கதவு நிலையின் அடியில் எல்லா இடத்திலும் 12 முதல் 15 மி.மீ. இடைவெளி. இதை ஸ்கர்ட்டிங் மூடிக்கொள்ளும். வேலை முடிந்த பிறகு கொத்தனார் வந்து அந்த இடைவெளியில் சிமெண்டைத் திணித்துப் பூசிவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், கூட நின்று தடுங்கள். சுவரில் பதிக்கும் அலமாரிகளை முதலில் போட்டுவிட்டு, பலகையை அலமாரி வரை கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மிதக்கும் தரையின்மேல் கனமான அலமாரியை நிறுத்தினால் அந்த ஓரம் அசையாமல் மாட்டிக்கொள்ளும்.

14 மி.மீ. பலகையும் 2 மி.மீ. அண்டர்லேயும் சேர்ந்தால் தரை 16 மி.மீ. உயரும். கதவைக் கழற்றி அடியை இழைக்க வேண்டியிருக்கும், ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தையிலிருந்து பங்குனி வரை பதிப்பதற்கு நல்ல காலம். தளம் காய்ந்திருக்கும். அப்போது போட்ட பலகை மழையில் பெருக்கும் என்பதால் ஓர இடைவெளியில் ஒரு மில்லிமீட்டரும் சுருக்கக் கூடாது. பெட்டிகளைக் குறைந்தது இரண்டு மூன்று நாள் அதே அறையில் படுக்கையாக வைத்திருங்கள். கார் ஷெட்டில் அடுக்கிவைத்தது கணக்கில் வராது.

அளவிலும் கவனம் வேண்டும். நாம் சதுர அடியில் பேசுகிறோம், பெட்டியில் சதுர மீட்டர் போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. 12க்கு 14 அடி அறை 168 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 185, அதாவது 17.2 சதுர மீட்டர். பெட்டிக்கு 2.2 சதுர மீட்டர் என்றால் 8 பெட்டி. மீன்முள் வடிவத்தில் போட்டால் சேதம் 15 சதவீதம் என்று வையுங்கள். பில்லில் மொத்தக் கனம், மேல் ஓக்கின் கனம், கோரின் வகை மூன்றும் எழுதியிருக்க வேண்டும். "ஓக் ஃப்ளோரிங்" என்று மட்டும் எழுதிய பில் நாளைக்கு எதற்கும் உதவாது.

குடியேறிய பிறகு

கருங்கல் பக்கம் ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் அந்த வீட்டு அம்மா கேட்டார்: "மக்ளே, கிறிஸ்துமஸுக்கு வீடு முழுக்கத் தண்ணி ஊத்தித்தான் நாங்க கழுவுவோம். இதையும் கழுவலாமா?"

"வேண்டாம் அம்மா. துணியை நனைச்சு நல்லா முறுக்கிப் பிழிஞ்சு துடைங்க. துடைச்ச ஈரம் ரெண்டு நிமிஷத்துல காயணும். அதுக்கு மேல நின்னா தண்ணி கூடுதல்னு அர்த்தம்."

அவ்வளவுதான் பராமரிப்பு. ஃபினாயிலும் ஆசிட்டும் சோப்புத்தூளும் வேண்டாம். கிணற்றுத் தண்ணீரில் இரும்பு கலந்திருந்தால், அதாவது வாளியில் செம்படிவு கட்டினால், குடிநீரில் துணியை நனையுங்கள். ஓக்குக்கும் இரும்புக்கும் என்ன ஆகும் என்று ஆணி காட்டிவிட்டது. மழைச்சாரல் அடிக்கும் ஜன்னலை மூட வீட்டில் ஒருவருக்குப் பொறுப்பு கொடுங்கள். ஈரப்பதமானியை எடுத்து வைத்துவிடாமல் அங்கேயே வைத்திருங்கள். 75ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் ஏ.சி.யை உலர்த்தும் முறையில் சில மணி நேரம் ஓடவிடுங்கள்.

மீதமான பலகைகளில் ஒரு பெட்டியையாவது வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காய்ச்சும் மொட்டைமாடி அறையிலும் கார் ஷெட்டிலும் வேண்டாம். அதே அறையில் கட்டிலுக்கு அடியில் படுக்கையாக வையுங்கள், தரையோடு சேர்ந்து அதுவும் அதே காற்றில் பழகும். பெட்டியின் மேல் உள்ள பேட்ச் எண்ணைப் படம் எடுத்து பில்லோடு வையுங்கள். அடுத்த தடவை வாங்கும்போது கடையில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.